வேலியின் சத்தம்

கரூ சமவெளியின் இந்தப் பக்கம்
பெட்ரோல் வண்டிக்கு அனுமதி இல்லை.
எஞ்சினுக்குள் தெறிக்கும் பொறி ஒன்று போதும்,
அறுபத்து நான்கு தட்டுகளும் திடுக்கிட்டுவிடும்.
கைபேசியை ஊரிலேயே பூட்டிவிட்டு
டீசல் வண்டியில் வருகிறாள் ஒனாலெனா,
மடியில் ஓர் ஆன்டெனா.
மூன்று இரவாய்ப் படத்தைக் குறுக்கே கீறும்
ஒரு கோட்டைத் தேடுகிறாள்.

டிக்.
நொடிக்கு ஒரு டிக்.

படத்தில் இருப்பது ஒரு விண்மீன் திரள்.
அதன் நடுவில் கருந்துளை
அள்ளி அள்ளித் தின்றது ஒரு காலம்.
தின்றதெல்லாம் உள்ளே போகவில்லை.
வாசல்வரை போனதில் ஒரு பங்கைக்
காந்தம் முறுக்கிப் பிழிந்து
இருபுறமும் பீய்ச்சியது,
ஒளிக்கு மயிரிழை பின்னால்.
சொந்தத் திரளையே தாண்டி ஓடி,
வெறும் வெளி என்று நாம் சொல்லும் இடத்தில்
மெல்லிய வாயுவில் முட்டி
உப்பிப் பரந்தது இரண்டு மடல்களாய்.

மடல்: காதில் இருப்பது,
தாழையில் இருப்பது,
எழுதி அனுப்புவதும்.

அனுப்பிய கை இப்போது இல்லை.
இரை தீர்ந்தது, தாரை அறுந்தது,
நடுப்புள்ளி அணைந்து
கோடி ஆண்டு இருக்கும்.
மடல்கள் மட்டும் ரேடியோவில் மினுங்குகின்றன,
காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றி
எலக்ட்ரான்கள் தம் கையிருப்பைச்
செலவழித்துத் தீரும் மட்டும்.

ஹெஸ்டர் ஸ்னைமனின் ஆட்டுப் பட்டியில்
மின்வேலியின் பீங்கான் ஒன்று விரிந்திருந்தது.
விரிசலில் நீலப் பொறி. டிக்.
சருகைக்கூடப் பற்றவைக்காத பொறி,
அந்த மடல்களை மூழ்கடிக்கும் கூச்சல்.

"எத்தனை நாள் அணைக்கணும்?"
"இன்றிரவு மட்டும். காலையில் புதுப் பீங்கான் வரும்."
"நரி?"

ஒனாலெனாவிடம் எல்லாவற்றுக்கும் எண் உண்டு,
அதற்கு இல்லை.
ஹெஸ்டர் கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்தாள்.
பிறகு சுவிட்சைத் தட்டினாள்.

அன்றிரவு கோடு மறைந்தது.
தெற்கு மடலின் ஓரத்தில்
அவிழ்ந்த நூல்போல் ஓர் இழை,
அதுவரை யாரும் பார்க்காதது.
கட்டுப்பாட்டு அறையில் யாரோ கை தட்டினார்கள்.

காலையில் வேலியடியில்
கம்பளிக் கொத்து, கொஞ்சம் ரத்தம்,
இழுத்துப் போன தடம்.
இழப்பீட்டுப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஒனாலெனாவின் பேனா நின்றுவிட்டது.

"நரின்னே எழுது" என்றாள் ஹெஸ்டர்.
"அது பொய்யில்லையே."

படத்தையும் வாங்கிப் பார்த்தாள்.
"நடுவுல ஏன் காலியா இருக்கு?"
பதிலுக்குக் காத்திராமல்
புல் தாள் ஒன்றைக் கிள்ளி
புதுப் பீங்கானருகே கம்பியில் வைத்தாள்.

சத்தமே இல்லை.
முழங்கைவரை
சுள்ளென்று ஏறியது.