கெண்டைக்கால்

வியாழன்தோறும் ஏழு தோட்டங்கள்.
சுவைக் மருத்துவமனையிலிருந்து வண்டி கிளம்பும்போதே
அளவுநாடாவைப் பைக்குள் தடவிப் பார்த்துக்கொள்வேன்.
அறுபத்தைந்து தாண்டியவர்களின்
கெண்டைக்காலைச் சுற்றி அளக்க வேண்டும்.
முப்பத்தொரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால்
சிவப்பு மை.

கல்ஃபானுக்கு இருபத்தெட்டரை.
"மூன்று மாதத்தில் எடை குறைந்ததா?"
"கிணறு குறைந்தது" என்கிறார்.
கிணற்றுக்குள் கடல் ஏறிவிட்டது.
எலுமிச்சை பட்டுப்போய்
உப்பைப் பொறுக்கும் புல் மட்டும் ஆடுகளுக்காக நிற்கிறது.
நாடாவுக்குள் துள்ள வேண்டிய கெண்டை
தோலோடு தோலாக ஒட்டிக் கிடக்கிறது.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?
சோறு. தேநீரில் ஊறவைத்த பேரீச்சை.
அதற்கு முன்தினம்?
ஸுவைனா பல்லில்லாமல் சிரிக்கிறாள்:
அதே சோறு, அதே தேநீர்,
பேரீச்சை மட்டும் வேறு மரத்தது.

இருபத்திரண்டு கோழி இருக்கிறதே என்றால்
முட்டை வெள்ளிக்கிழமைக்காம்.
மஸ்கட்டிலிருந்து மகன் வருவான்,
தட்டு தட்டாக டிக்கியில் ஏறும்.
பதிலுக்கு அவன் வாங்கி வந்த சத்துமாவு டப்பா
குளிர்பெட்டியின் தலையில்
மூடி திறக்காமல் இருக்கிறது,
விருந்தாளிக்கு எடுத்து வைத்ததுபோல.

குழாயடியில் சாக்கு அலசிக்கொண்டிருந்த சேவுகன்
கைலியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.
"எனக்கும் ஒருதரம் பிடிங்க சிஸ்டர், சும்மா."
வயது?
"பாஸ்போர்ட்டுல அம்பத்தெட்டு."
அதற்குமேல் சொல்லாமல் சாக்கைப் பார்த்தார்.
இருபத்தேழு.
இரண்டாம் முறை அளந்தேன். இருபத்தேழுதான்.

"அவங்களுக்கு ஆக்குறதுதானே எனக்கும்.
அவங்க வழிச்சுத் தின்னுட்டா
அன்னிக்கு குப்ஸ், வெங்காயம்."
படிவத்தில் 'குடும்ப உறுப்பினர்' என்று ஒரு கட்டம்.
பேனா அதன்மேல் கொஞ்சநேரம் நின்றது.

கல்ஃபான் எண்ணை எட்டிப் பார்த்தார்.
ஒன்றரை சென்டிமீட்டரில் ஜெயித்தவரின் சிரிப்பு
முதலில் வந்தது,
பாதியில் நின்றுபோனது.

"சேவுகன்,
இந்த வெள்ளிக்கு ஒரு தட்டு குறைத்து ஏற்று.
மூன்று பேருக்கும் அவித்து வை. மஞ்சள்கரு இளகலாக.
எனக்குக் கடிக்க முடியாது."

"மகன் கேட்டா, பாபா?"

எழுந்து நிற்க இரண்டு முறை முயன்று
மூன்றாவதில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கோழிகளுக்கு வயதாகிவிட்டது என்று சொல்."