அறுபத்து மூன்று

வரைபடத்தில் இந்த ஊரின் மேல்
மடிப்பு விழுந்திருந்தது.
செர்ரோ மான்சோ.
சாதுவான குன்று என்று அர்த்தமாம்.
சாது என்பது சரி. குன்றைத்தான் காணோம்.

மின்கம்பம் எண்ண வந்தவன் நான்.
உருகுவேயின் வடக்கே, நெடுஞ்சாலையை விட்டிறங்கி
இருபத்தோரு கிலோமீட்டர் புழுதி.
பதிவேட்டின்படி அறுபத்து மூன்று கம்பங்கள்,
இரண்டு மணி நேர வேலை.
மாலைப் பேருந்துக்குச் சீட்டும் சட்டைப் பையில்.

முதல் கம்பத்தின் அடியில் ஒரு நாய்.
பலகையில் எண்ணைப் பார்க்கக் குனிந்தேன்.
எழுந்திருக்கவில்லை;
வாலை மட்டும் மடக்கி இடம் கொடுத்தது.

சதுக்கத்தை அடைவதற்குள்
நான் யார், எந்த அலுவலகம்,
இரவு யார் வீட்டில் சாப்பிடப் போகிறேன் என்பதுவரை
ஊருக்குத் தெரிந்திருந்தது.
கடைசிச் செய்தி எனக்கே புதிது.

மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை
சாத்திவிடுகிறார்கள்,
கதவை அல்ல, ஊரையே.
யூகலிப்டஸ் உச்சியில் காற்று மட்டும்
வம்பளந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் பெயர் வாஷிங்டன்.
எந்தத் தலைநகரையும் பார்த்தவர் இல்லை.
ஆணி, ரொட்டி, ஆட்டுக்குப் பூச்சிமருந்து, தபால்தலை
ஒரே அலமாரியில்.
பார்க்க என்ன இருக்கிறது இங்கே, என்று கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தார்.
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி
என் பக்கம் நகர்த்தினார்.
"வியாழக்கிழமை வந்திருந்தால்
காஸ் லாரி வந்திருக்கும்."
கேலி இல்லை அந்தக் குரலில்.

எண்ணி முடித்தேன். அறுபத்து நான்கு.
திரும்ப எண்ணினேன். அதே.
மூன்றாம் முறை பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு
உரக்க எண்ணினார்கள்,
அறுபத்து மூன்றில்
எல்லா வாயும் ஒன்றாக மூடிக்கொண்டது.

பந்து மைதானத்தின் ஓரம்
சற்றே சாய்ந்த மரக்கம்பம்.
கம்பி கிடையாது, விளக்கு கிடையாது.
உச்சியில் ஓர்னேரோ குருவியின் மண்கூடு,
கவிழ்த்த அடுப்பு போல.
அதன் தலையில் இன்னொன்று. அதன் தலையில் இன்னொன்று.
கூடுகள் அகற்றப்பட வேண்டும் என்பது விதி.
என் கொக்கிக்கு எத்தனையோ கூடுகள் தெரியும்.

மருந்தகத்துத் தாதி ஓதிலியாதான் சொன்னாள்,
சொல்லலாமா என்று
வாஷிங்டனை ஒருமுறை பார்த்துவிட்டு.
ஒன்பது வருடம் முன்பு கான்கிரீட் கம்பம் வந்தது.
பழையதை மறுநாள் வெட்டுவதாக ஏற்பாடு.
அன்றிரவு யமந்தூ டிராக்டரைக் கொண்டுவந்தான்.
நான்கு பக்கமும் கயிறு, நிமிர்த்தியபடியே
நாற்பதடி தூரத்தை
நான்கு மணி நேரம் நகர்த்தினார்கள்.
கூட்டுக்குள் குஞ்சுகள்.
இருநூறு பேர், ஒரு இருமல் இல்லை.
"அத்தனை பேரும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டது
இந்த ஊரில் அன்றைக்கு ஒருநாள்தான்."
குருவி என்ன செய்தது என்றேன்.
"காலையில் எழுந்து எங்களைத் திட்டியது.
இன்னும் நிறுத்தவில்லை."

பேருந்து போய்விட்டிருந்தது.
ஓதிலியாவின் அடுப்பிலிருந்து
ஆட்டுக்கறி மணம் வந்தது.
ஊருக்கு முன்பே தெரிந்தது
இப்போது எனக்கும் தெரிந்தது.

படிவத்தின் கீழே 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம்.
பதினொரு வருடமாக வெறுமையாகவே அனுப்பியிருக்கிறேன்.
எண்ணிக்கை: அறுபத்து மூன்று.
குறிப்புகள்: முதல் கம்பத்தின் அடியில்
நாய் ஒன்று. நல்ல நிலையில் உள்ளது.