எட்டாவது கை

விக் நகரத்து நீதிமன்றத்தில்
ரேடியேட்டர் மட்டும் ஓயாமல் பேசியது.
ஹெக்டர் மோவட் பேசவில்லை.

அவன் கொட்டகையில் பதினொரு ஆடுகள்.
காதில் பட்ஜ் குடும்பத்து வெட்டு,
முதுகில் நீலச் சாயம்,
நீலத்தின் மேல் அவசரச் சிவப்பு.
காணாமல்போன நாலாம் நாள்.

களவு ஆறுமுன் கையில் இருந்தால்
கள்வன் என்றே கொள்ளலாம்,
அவனாகக் காரணம் சொல்லும்வரை
என்றார் அரசு வழக்கறிஞர்.
அவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை,
நிரபராதி என்றே தொடங்குங்கள்
என்றார் நீதிபதி.
ஒரே பெஞ்சில் இரண்டு அனுமானங்கள்,
தோளிடித்துக்கொண்டு,
நகர்ந்து உட்கார மனமில்லாமல்.

பதினைந்து பேர் ஓர் அறைக்குள் போனோம்.
உள்ளே பேசியதை வெளியே சொல்வது குற்றம்.
ஆகவே இனி வருவது கற்பனை.
அப்படியே கொள்ளுங்கள்,
அதுவும் ஓர் அனுமானம்தானே.

மௌனம் சம்மதம், வேறென்ன
என்றார் குழாய் வேலைக்காரர்.
கல்யாணப் பேச்சா இது
என்றாள் இசபெல் ஸ்வான்சன், பிஸ்கட்டை ஒடித்தபடி.
அந்தக் கொட்டகைக்கு ஜனவரி முதல் பூட்டில்லை.
மைத்துனனும் அங்கேதான் வைக்கோல் அடுக்குவான்.
சிவப்புச் சாய டப்பாவை
யாரும் தேடவே இல்லை.

ஆனால் ஆடுகள் பொய் சொல்லுமா
என்று யாரோ கேட்டார்கள்.
ஆடுகள் உண்மையும் சொல்லவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள்.
குற்றவாளி: ஏழு.
எட்டு வேண்டும்.
என் நகக்கண்ணில் காலை மாவு காய்ந்திருந்தது.
அதைச் சுரண்டிக்கொண்டு
மேசைக்குக் கீழேயே இருந்துவிட்டது கை.
நீதியா, கூச்சமா,
இன்னும் எனக்குத் தெரியாது.

எங்கள் நாட்டில் அப்போது மூன்றாம் தீர்ப்பு ஒன்று உண்டு.
மெய்ப்பிக்கப்படவில்லை.
போகலாம் என்கிற சொல்,
ஆனால் வாசல்வரை
முதுகைப் பார்த்துக்கொண்டே வரும் சொல்.

சனிக்கிழமை அடுமனைக்கு வந்தான்.
நாலு பன், ஒரு பெரிய ரொட்டி.
பத்து பவுண்டு நோட்டை நீட்டினான்.
ஒன்பது வருடமாக இந்தக் கல்லாவில் நிற்கிறேன்,
யார் நோட்டையும் விளக்கில் பிடித்ததில்லை.
பிடித்தேன்.
இரண்டு பக்கமும் திருப்பினேன்.
அவன் என் கையைப் பார்த்தான்.
வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

நல்ல நோட்டுதான்.

அப்போதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நான் கொடுத்த மீதிச் சில்லறையை
எண்ணாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மழைக்குள் போனான்.