விளக்கெண்ணெய்

விசாரணைக் குழுத் தலைவர் ஐயா,
கடைக் கணக்கைக் கேட்டிருந்தீர்கள்.
இதோ.
போ ஆறு இரண்டு முறை கடைக்குள் வந்துபோனது.
சில பக்கங்கள் ஒட்டிக்கிடக்கும்,
நகத்தால் பிரிக்க வேண்டும்.

1921 மார்ச், செவ்வாய்.
விளக்கெண்ணெய், அரை லிட்டர் குப்பி, பன்னிரண்டு. ரொக்கம்.
வாங்கியது பொனாக்கோர்சி பண்ணையின் இளைய மகன்,
கூட நாலு பையன்கள்.
புதுக் கறுப்புச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை.
"ஊருக்கே மலச்சிக்கலா?" என்றேன்.
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா,
இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் சந்தைத் திடலில்
கூலிக்காரர் சங்கச் செயலாளர் அமில்காரே ரவாலியை
நாற்காலியோடு கட்டி
புனல் வைத்து ஊற்றினார்கள்.
புனல் என் கடையுடையது.
'இரவல்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்.
திரும்பி வந்தது. கழுவித்தான் கொடுத்தார்கள்.

சங்கக் கட்டடம் எரிந்த வாரம்
தீக்காயக் களிம்பு, ஆறு டப்பி.
மறு ஆண்டு அக்டோபர் மழையில்
அவர்கள் ரயிலேறித் தலைநகர் போனார்கள்;
எனக்கு இருமல் மருந்து நன்றாக ஓடியது.
பிறகு அந்த முகம் சட்டத்துக்குள் கடைக்கு வந்தது,
தாடையைத் தூக்கிக்கொண்டு.
ஆணி அடித்தது நான். சற்றுக் கோணல்.
இருபது வருடம் அதை நேராக்க யாருக்கும் துணிவில்லை,
தொட்டால் யார் பார்ப்பார்களோ என்று.

நாட்டுக்குத் தங்கம் கொடு என்றார்கள்.
என் மனைவி ஆர்ஜியாவின் விரல் வீங்கியிருந்தது.
சோப்புத் தண்ணீருக்கு மோதிரம் அசையவில்லை.
இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவினேன்,
வழுக்கிக்கொண்டு வந்தது.
பதிலுக்கு ஓர் எஃகு வளையம் கொடுத்தார்கள்.
பாத்திரம் கழுவும்போது அதைக் கழற்றிவைப்பாள்.
தங்கத்தை அவள் கழற்றியதே இல்லை.

அபிசீனியாவில் வெற்றி என்று மணி அடித்த நாள்
வேதியியல் படித்த பையன் ஒருவன்
கல்லாவின் மேல் குனிந்து,
அங்கே விமானத்திலிருந்து எதைத் தூவினார்கள் என்று
என் காதில் சொன்னான்.
நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன்.

பிறகு ரஷ்யா.
மகன் லியோனெல்லோ தோன் நதிக்கரையிலிருந்து எழுதினான்:
'அப்பா, காலுக்கு ஏதாவது களிம்பு.'
அனுப்பினேன்.
வசந்தத்தில் பொட்டலம் திரும்பி வந்தது,
என் முடிச்சு என் முடிச்சாகவே.
அன்றிரவு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை.
அலமாரி அடியில் ஒரு பழைய குப்பி,
அந்தச் சரக்கில் மீந்தது.
திரியிட்டேன்.
புகையே இல்லாமல் எரிந்தது, ஐயா.
அந்த வெளிச்சத்தில்தான் ஆர்ஜியா முடிச்சை அவிழ்த்தாள்.

உங்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலியில்
ரவாலி உட்கார்ந்திருக்கிறார்.
இருபத்துநாலு வருடமும் என்னிடம்தான் மருந்து வாங்கினார்,
ஊரில் வேறு கடை கிடையாது.
சீட்டை நீட்டுவார். சில்லறையை எண்ணுவார்.
எண்ணி முடிக்கும்வரை நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

விற்றேன், அவ்வளவுதான்,
வியாபாரி யாரென்று பார்த்தா விற்பான்,
என்று சொல்லத்தான் வந்தேன்.
வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.
ஆனால் அந்த ஏப்ரல் பக்கம்,
அதோ, ரவாலி இப்போது நகம் வைத்திருக்கும் பக்கம்,
அதை ஆறு ஒட்டவில்லை.
மாவுப் பசை.
மெதுவாக, ஐயா, தாள் கிழியும்.
இருபத்துநாலு குப்பி என்றிருக்கும்.
எதிரே, என் கையெழுத்தில்,
'நன்கொடை'.