கயிறு வாங்கினவன்

துபாய்க்குக் கிளம்பும்போது எர்னஸ்ட்
என் மேசையில் விட்டுப்போன ஹார்டு டிஸ்கில்
இருநூற்றுப் பதினாறு படங்கள்.
ஒன்றிலும் எனக்குத் தெரிந்த முகம் இல்லை.

நாடுகளை ஏற்கெனவே தெரியும்.
ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில்
பதினோரு வருஷமாக பில் அடிக்கிறேன்.
போலந்து என்றால் ஆப்பிள்.
ஈரான் என்றால் பேரீச்சை.
பின்லாந்து, காகிதச் சுருள்.
அங்கெல்லாம் ஆட்களும் இருக்கிறார்கள்,
அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று அழுவார்கள் என்பது
கொருக்குப்பேட்டையில்
கொடித்துணி ஃபேன் காற்றில் ஆடும் ஒற்றை அறையில்
ராத்திரி பத்தரைக்கு மேல்தான் தெரிந்தது.

முதல் படத்தில் முழுக்கப் பனி.
ஒரு தபால்காரர் முழங்கால்வரை புதைந்து நடக்கிறார்.
நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்க
காசிமேட்டில் போட்டுக்கு ஐஸ் ஏற்றும் டில்லிபாபு
தட்டில் வைத்த கையை எடுக்காமல் கேட்டான்:
“இம்மா ஐஸும் சும்மாவாமே கெடக்குது?
இங்க ஒரு பாருக்கு இன்னா வெல சொல்றான் தெரியுமா?”
படம் முடியும்வரை கணக்குப் போட்டான்.
தபால்காரர் செத்ததை அவன் கவனிக்கவில்லை.
பனி நின்றதைக் கவனித்தான்.

கீழே ஓடும் இங்கிலீஷ் எனக்கு வேகம்.
படித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும்,
முகத்தைப் பார்த்தால் எழுத்து போய்விடும்.
சில வாரத்தில் எழுத்தை விட்டுவிட்டேன்.
யாருக்கு யார் என்ன உறவென்று
தப்பாகவே புரிந்துகொண்டு பார்த்த படங்கள் உண்டு.
அண்ணன் தங்கை என்று நம்பி
ஒன்றரை மணி நேரம் நான் கண்கலங்கிய இரண்டு பேர்
கடைசியில் முத்தமிட்டுக்கொண்டார்கள்.
எழுந்து லைட்டைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இன்னொன்றில் ஒரு குடும்பமே
நாலு நிமிஷம் பேசாமல் சூப் குடித்தது.
மறுநாள் நானும் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி
எதிரே பேசாமல் உட்கார்ந்தேன்.
“யார்னா பூட்டாங்களா?” என்றான்.

சத்தமே இல்லாத பழைய படம் ஒன்று,
நூறு வருஷம் இருக்கும்.
மாவு அப்பிய முகத்தோடு ஒருத்தி
ஜன்னலைத் திறந்து ஊரைப் பார்த்துக் கத்துகிறாள்.
அந்த நேரம் யார்டில் கூட்ஸ் பெட்டிகள்
இடித்துக் கோத்துக்கொண்டன.
மாடியில் ரெஜினா அக்கா
தண்ணி லாரிக்காரனைப் போனில் பிடித்துவிட்டாள்.
அவள் குரலும் இவள் வாயும்
அச்சாகப் பொருந்தின.
“ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்ல,
மனுசங்களாய்யா நீங்க” என்று
அந்தச் சீமாட்டி கேட்டதாகத்தான் இன்றும் என் நினைவு.

தொண்ணூற்றொன்றாவது படம் எந்த நாடென்று தெரியாது.
ஒரு சமையல்காரி, பெட்டியோடு படகுத்துறையில்.
படகு வருகிறது. கயிறு எறிகிறார்கள்.
கீழே ஒருவன் வாங்கிக் கட்டுகிறான்.
அவள் ஒரு காலை எடுத்து
அவ்வளவுதான். பச்சைப் பச்சையாய்க் கட்டங்கள்.
ஃபைல் கெட்டுப்போயிருந்தது.
அதிசயமாய் அன்று டில்லி தூங்கவில்லை.
“ஏறினாளா, ஏறலியா?”

எர்னஸ்டுக்கு மெசேஜ் போட்டேன்.
‘இருநூத்திப் பதினாறில்
நாலுதான் பாத்திருக்கேன் அக்கா’ என்று பதில்.
பார்க்க வேண்டும் என்றுதான் சேர்த்தானாம்.

அடுத்த வாரம் ஆள் குறைகிறதென்று
தங்கல் போட்டில் டில்லியையே ஏற்றிக்கொண்டு போனார்கள்.
எட்டு நாள் தகவல் இல்லை.
ஒன்பதாம் நாள் விடிவதற்கு முன்
கரை சிக்னல் தொட்டதும் போன்.
மீன் பட்டதா என்று சொல்லவில்லை.
“ஏறியிருக்க மாட்டா” என்றான்.

யாரு, என்று கேட்கவே கொஞ்சம் நேரமானது.

“கயிறு வாங்கினான் பாரு, அவன்
கட்டிட்டு அப்டியே நவுந்து போய்ட்டான்மே.
ஏற்றவளா இருந்தா கைய நீட்டியிருப்பான்ல.”

பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை.
அப்போது கீழே
ஏதோ எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.