நூறு ரூபாய்

விமான நிலையத்தில் எடுத்த வாடகைக் கார்.
திரும்புவதற்கு விளக்குப் போட
திம்மராஜ் கைவைத்த போதெல்லாம்
வைப்பர் ஓடிற்று.
சொட்டு மழையில்லாத ஜூன் மாதத்தில்
சூளகிரி வரைக்கும்
வெயிலைத் துடைத்துக்கொண்டே வந்தோம்.

ஐந்தோவனில் ஏழு வருடம்
சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை.
திட்டக்கூடாது என்று
அத்திப்பள்ளியில் முடிவு செய்திருந்தேன்.
ஓசூரில் திட்டிவிட்டேன்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
ஃபாஸ்டேக்கில் காசில்லை என்றார்கள்.
இரட்டைக் கட்டணம்.
பின்னால் நின்ற மாங்காய் லாரி
நாங்கள் ஊரில் இல்லாத நாளுக்கெல்லாம் சேர்த்து
ஹார்ன் அடித்தது.
பூவை வாந்தியெடுத்தாள், என் துப்பட்டாவில்.
இன்னும் எத்தனை நிமிஷம் என்று
அகரன் டச்சில் கேட்டான்.
அரை மணி என்று அவன் அப்பா தமிழில் சொன்னார்.
பெண்ணாகரம் எவ்வளவு தூரமென்று
எனக்குத் தெரியும்.
வாயைத் திறக்கவில்லை.

காவேரிப்பட்டணம் தாண்டியதும்
பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

கடை என்றால்
ஒரு வேப்பமரம், ஒரு கம்ப்ரஸர்,
பஞ்சர் என்று வெள்ளையடித்துத் தொங்கவிட்ட
லாரி டயர்.
கடைக்காரருக்குத் தமிழ் வராது.
ஒடிசா, கஞ்சம் பக்கம்.
இதைச் சொன்னவள் அவர் மகள்.
ஏழு வயதிருக்கும்; பள்ளிக்கூடப் பாவாடையும்
யாருடையதோ பெரிய பனியனும்.
பெயர் லிப்ஸா.

"ஆணி ஒண்ணு இல்லக்கா, ரெண்டு இருக்குது.
ஸ்டெப்னியப் போட்டு உட்டுறட்டா,
இல்ல ஒட்டியே குடுக்கட்டான்னு
அப்பா கேக்குறாரு."
அப்பா கேட்டது என்னவோ
இரண்டே சொல்.

அகரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்,
ஒரே வேலை பார்க்கும் இருவர்
பஸ் நிறுத்தத்தில் பார்த்துக்கொள்வதைப் போல.

போன மார்ச்சில் ஒரு சாயங்காலம்
கீழ்வீட்டு மார்லீஸ் மேலே ஏறி வந்து
வாசலில் நின்று நான்கு நிமிடம் பேசினாள்.
கைகளை அகல விரித்தாள், கூரையைக் காட்டினாள்.
என் டச்சு, பால், ரொட்டி, நன்றியோடு முடிந்துவிடும்.
அகரனைத் திரும்பிப் பார்த்தேன்.
"உன் தோசை வாசனையா இருக்காம்மா."
பூரித்துப் போய்
நான்கு தோசை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.
அவள் வாங்கிக்கொண்டு
என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம்
அடுத்த மாதம் கடிதமாக வந்தது:
இரவு பத்து மணிக்கு மேல்
கூடத்தில் பந்து தட்டக் கூடாது.

பூவையைக் கழுவிவிட
திம்மராஜ் தெருக்குழாய்க்குத் தூக்கிப் போயிருந்தார்.
சக்கரம் மாட்டி முடித்து
கடைக்காரர் நெற்றியைத் துடைத்தார்,
என்னைப் பார்த்து
ஒரு விரலைக் காட்டினார்.

லிப்ஸா சொன்னாள்:
"நூத்தம்பது."

விரலைப் பார்த்தேன்.
அவளைப் பார்த்தேன்.
இமைக்கவே இல்லை.
எங்கள் வீட்டு வாசலில் அன்று
இதே முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

நூறை அவர் கையில் கொடுத்தேன்.
ஐம்பதை அவள் கையில்.
பாவாடை மடிப்புக்குள் அது போன வேகத்தில்
மிட்டாயோ ரப்பரோ ஏற்கனவே
தீர்மானமாகிவிட்டது தெரிந்தது.
அவர் குனிந்து
சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஈரப் பிள்ளையோடு திம்மராஜ் வந்தார்.
வண்டியைக் கிளப்பி, சாலையில் ஏற
விளக்குப் போட்டார்.
வைப்பர் ஓடிற்று.

"எவ்வளவு வாங்குனான்?"
"நூறு" என்றேன்.

பின்சீட்டிலிருந்து அகரன்
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான்.
அவனுக்குத் தமிழில்
எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும்.