தேயாத அடிப்பட்டை

"இராப்பகல் கழற்றவே இல்லை" என்கிறார்
தோன் எலூதெரியோ.
வெராகுரூஸ் துறைமுகத்தில் முப்பத்தேழு வருடம்
பாரந்தூக்கி ஓட்டியவர்.
எடை எங்கே இறங்க வேண்டும் என்று
அவருக்குச் சொல்ல எனக்குக் கூச்சம்தான்.

நான் செய்து கொடுத்த தாங்கி
முழங்காலுக்குக் கீழே கெண்டையைக் கவ்வும்.
உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை
இரண்டு தண்டுகள் வழியே தரைக்கு அனுப்பும்.
நடுவில் பாதம்,
கூலி வாங்காமல் சும்மா இருக்கலாம்.

பெருவிரலுக்குப் பின்னால், உள்ளங்காலில்,
பத்து பெசோ நாணயம் அகலத்துக்குப் புண்.
வலிக்கவில்லை.
வலித்திருந்தால் நொண்டியிருப்பார்.
நொண்டியிருந்தால் ஆறியிருக்கும்.
சர்க்கரை முதலில் தின்றது
அந்த நொண்டலைத்தான்.

தாங்கியைத் திருப்பிப் பார்க்கிறேன்.
ஐந்து வாரம் ஆகிறது.
அடிப்பட்டையின் கோடுகள்
பட்டறையில் நான் வெட்டியபடியே இருக்கின்றன.
ஓரத்தில் கொஞ்சம் ஈரச்சேறு,
பேருந்து நிறுத்தத்திலிருந்து
இந்தக் கதவு வரைக்குமானது.

"வியாழக்கிழமையா?"
கூரை விசிறியைப் பார்க்கிறார்.

வியாழன் இரவு சதுக்கத்தில் டான்சோன்.
வெள்ளைக் காலணி, கஞ்சி போட்ட சட்டை,
பதினொரு வருடமாக ஜோடி, ஒப்துலியா.
மனைவி இல்லை. அதற்கு மேல் நான் கேட்டதில்லை.
"வாரத்தில் ஒரு இரவுதானே, பெண்ணே."

ஒரு இரவு இல்லை.
குளியலறைக்கு ஒன்பது எட்டு,
அடுப்புக்கு ஆறு,
நாய்க்குக் கதவு திறக்க நான்கு.
வெறுங்காலோடு போனதையெல்லாம்
புண் எண்ணி வைத்திருக்கிறது.

இழுப்பறையிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டி எடுத்தேன்,
ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற மலிவு வகை.
"பூட்டட்டுமா?
வாரத்துக்கு ஒருமுறை நான் வெட்டிப் பார்ப்பேன்."

வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"எண் போடு" என்றார்.
"எண் இல்லாத சீல் சீலே இல்லை.
எண் போட்ட பெட்டியை
நாங்கள் யாரும் திறந்ததில்லை."

பேனாவால் எழுதினேன்: 0001.

வியாழன்று சதுக்கத்துக்குப் போனேன்,
வேவு பார்க்கத்தான்.
டான்சோனில் ஒரு வழக்கம் உண்டு:
பல்லவி திரும்பும்போதெல்லாம்
ஆடுகிறவர்கள் ஆடாமல் நிற்க வேண்டும்.
விசிறிக்கொள்வார்கள், நெற்றியைத் துடைப்பார்கள்,
அடுத்த அடி எது என்று யோசிக்காதது போல நிற்பார்கள்.

ஒப்துலியா யாரோ ஒரு தபால்காரரோடு ஆடினாள்.
பல்லவி வந்ததும் அவர் கையை விட்டுவிட்டு
பெஞ்சுக்கு வந்தாள்.
எலூதெரியோ உட்கார்ந்தபடியே கை நீட்டினார்,
தோள் நிமிர்ந்து, முறைப்படி.
விசிறியை இருவருக்கும் பொதுவாக அசைத்தாள்.
குழல் மறுபடி எழுந்ததும் போய்விட்டாள்.
அடுத்த பல்லவிக்குத் திரும்பி வந்தாள்.

ஆறாம் செவ்வாயில் வெட்டிய சீல் 0006.
புண்ணில் இப்போது ஒரு பெசோ வைக்கலாம்.
அடிப்பட்டையைத் திருப்பினேன்:
குதிகால் பக்கம் இரண்டு கோடுகள் மழுங்கியிருந்தன.

தாங்கி முழுக்க
காலணிக்குப் பூசும் வெள்ளைச் சாயம்.
எண் மேல் படாமல்
சுற்றி மட்டும்
பூசியிருந்தார்.